மழைக்காலத்தில் கோழியின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கோழிக்கூட்டுத் தரை காய்வதே இல்லை. அந்த ஈரத்தில் ஊறிய பாதத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், கிருமி உள்ளே போய் அடிப்பாதம் வீங்கி, நடுவில் மிளகு அளவில் கறுப்புப் பொருக்கு கட்டிவிடும். கோழி நொண்டும்போதுதான் நாம் கவனிக்கிறோம், அதற்குள் உள்ளே சீழ் கெட்டியாகிவிடுகிறது. அதனால் வாரம் ஒரு தடவை, இருட்டி அடைந்த பிறகு பிடித்து (அப்போது அவ்வளவாகத் திமிறாது) டோர்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பாருங்கள்.

தொடக்கத்திலேயே கண்டால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 10, 15 நிமிடம் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, பார்மசியில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் தடவி, சுத்தமான துணி சுற்றி, காய்ந்த இடத்தில் தனியாக விடுங்கள். கட்டைத் தினமும் மாற்றுங்கள். கையுறை அவசியம், அந்தக் கிருமி நமக்கும் தொற்றும். பிளேடால் கீறிச் சீழ் எடுக்க மட்டும் போகாதீர்கள், அந்த உயிர் படும் வேதனை பெரிது. வீக்கம் பெரிதாக இருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

காலில் செதில் தூக்கி, மாவு பூத்த மாதிரி இருந்தால் அது வேறு, செதிலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி வாஸ்லினைத் தடிப்பாகப் பூசுங்கள், சில வாரங்கள் விடாமல். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அப்புறம், நனைந்த மரத்தூளை அன்றன்றே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள், அடையும் கம்பையும் தாழ்வாகக் கட்டுங்கள்.