உள்ளே இருப்பவரால் வரும் தகவல் ஆபத்து: சங்கங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் ஒரு தொடக்கநிலைச் செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் இயங்கும் கோயில் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், ஈமச்சடங்கு உதவிச் சங்கங்கள், பத்துப் பேருக்குள் வேலை பார்க்கும் கணக்கர் அலுவலகங்கள் ஆகியவற்றுக்காக இச்செய்முறையை எழுதுகிறேன். தனியே கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத இடங்களில், உள்ளே இருப்பவர்களால் தகவல்களுக்கு நேரக்கூடிய கேட்டை எப்படிக் குறைப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும், நிர்வாகி அனுமதியுள்ள ஒரு கணினியும், செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து உட்கார ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

உள்ளே இருப்பவர் என்று இங்கே குறிப்பிடுவது சம்பளம் வாங்கும் ஊழியரை மட்டும் அன்று. ஞாயிற்றுக்கிழமை ரசீது எழுத வரும் தொண்டர், கணினி பழுது பார்க்கும் தம்பி, பதவிக்காலம் முடிந்தும் மின்னஞ்சல் கணக்கு இன்னும் கைப்பேசியில் திறந்திருக்கும் முன்னாள் செயலாளர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். இவர்களில் வேண்டுமென்றே கெடுதல் செய்பவர் ஒரு வகை. கவனக்குறைவால் செய்பவர் இன்னொரு வகை. பிறரால் ஏமாற்றப்பட்டுத் தாமே எடுத்துக் கொடுப்பவர் மூன்றாம் வகை. மூன்றாம் வகை பெரிய நிறுவனங்களையும் விட்டுவைப்பதில்லை. 2020-இல், மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனம், வாடிக்கையாளர் போல் நடித்து வந்த ஒருவரை நம்பித் தகவல்களைக் கொடுத்தபோது, 2.4 கோடி வரையிலான தென்னாப்பிரிக்கர்களின் விவரங்கள் வெளியே போயின.

படி 1: எது இருக்கிறது என்று எழுதுங்கள்

நோட்டின் ஒரு பக்கத்தில், சங்கத்திடம் இருக்கும் தகவல்களையும், அவை எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். உறுப்பினர் பட்டியல் கூகிள் டிரைவில், வங்கிக் கணக்கு பொருளாளரின் மடிக்கணினியில், மாணவர் சேர்க்கைப் படிவங்கள் அலமாரியில் என்று எழுதினால் போதும். பென் டிரைவையும் வாட்ஸ்அப் குழுவையும் விட்டுவிடாதீர்கள்.

நன்கொடைப் பதிவேட்டைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் ரசீது கொடுக்கும் அமைப்புகள், 2023 மார்ச் 1 முதல் நன்கொடையாளரின் அடையாள எண் உள்ளிட்ட கூடுதல் விவரங்களையும் அதில் குறிப்பிட வேண்டியுள்ளது. ஆகவே, முன்பு பெயரும் தொகையும் மட்டும் இருந்த எக்செல் கோப்பில் இப்போது 13 இலக்க அடையாள எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. பிறர் பெயரில் கடன் வாங்க நினைப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போப்பியா என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய சமய நம்பிக்கையையும் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. கோயில் தன் உறுப்பினர் விவரத்தை வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் அதை வெளியாருக்குக் கொடுக்க முடியாது. விளம்பரம் செய்யக் கேட்கும் நகைக்கடைக்காரரும் வெளியாரே.

படி 2: பொதுக் கணக்கை ஒழியுங்கள்

ஐந்து பேர் ஒரே மின்னஞ்சல் கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்துவதும், அந்தக் கடவுச்சொல் சுவரிலுள்ள தமிழ் நாட்காட்டியின் ஓரத்திலோ ரசீதுப் புத்தகத்தின் உள் அட்டையிலோ எழுதப்பட்டிருப்பதும் நம் சங்கங்களில் வழக்கமாகக் காணப்படும் காட்சி. இந்நிலையில் ஒரு கோப்பு அழிந்தால் அதை அழித்தவர் யார் என்பதை எவராலும் சொல்ல முடியாது. குற்றமற்றவர் மீதும் பழி விழும்.

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். பதிவு பெற்ற இலாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகிள் தன் அலுவலகச் சேவையைக் கட்டணமின்றி வழங்குவதால், செலவு ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கணக்கிலும், கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியான இரண்டாவது உறுதிப்பாட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பின்னர், படி 1-இல் எழுதிய ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே, அதைப் பார்க்க மட்டும் வேண்டியவர் யார், திருத்தவும் வேண்டியவர் யார் என்று பெயர் எழுதி, அதற்கேற்ப அனுமதியை மாற்றுங்கள். இணைப்பு கையிலுள்ள எவரும் திறக்கலாம் என்ற நிலையில் பகிரப்பட்ட கோப்புகளை முதலில் மூடுங்கள். அன்னதானப் பட்டியலைக் கவனிப்பவருக்கு நன்கொடையாளரின் அடையாள எண் தேவையில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் ஏற்படும் என்பதால், தலைவர் தம்முடைய அனுமதியை முதலில் குறைத்துக் காட்டுவது நல்லது.

படி 3: தனியொருவர் கையில் விடாதீர்கள்

பணத்தில் தொடங்குங்கள். இணைய வங்கிச் சேவையில் ஒருவர் பதிவு செய்யும் கட்டணத்தை மற்றொருவர் ஒப்புதல் கொடுத்த பிறகே அனுப்பும் ஏற்பாட்டை வங்கியிடம் கேட்டுப் பெறுங்கள். புதிய பெறுநரைச் சேர்ப்பதற்கும், பழைய பெறுநரின் கணக்கு எண்ணை மாற்றுவதற்கும் அதே ஏற்பாடு வேண்டும். பொருள் வழங்குபவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வரும் மின்னஞ்சலை, ஏற்கனவே உங்களிடமுள்ள எண்ணில் அவரை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிர்வாகி அனுமதியும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். 2008-இல் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியின் வலையமைப்புப் பொறியாளர் ஒருவர், தமக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொற்களை மேலதிகாரிகளிடம் தர மறுத்துச் சிறைக்குப் போனார். கடைசியில் சிறைக்கு நேரில் வந்த மேயரிடம்தான் அவற்றை ஒப்படைத்தார். நம் சங்கத்தில் அப்படி யாரும் அடம்பிடிக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் தெரிந்த ஒரே நபர் நோயுற்று மருத்துவமனையில் படுத்துவிட்டாலே வேலை நின்றுவிடும்.

கணினியிலுள்ள தகவலுக்கும் அச்சிட்ட தாளுக்கும் வேறுபாடு பார்க்க வேண்டாம். 2018 டிசம்பரில் பிரிட்டோரியாவிலிருந்த போஸ்ட்பேங்கின் தரவு மையத்தில் ஊழியர்கள் மறையீட்டு முதன்மைச் சாவியை, அதாவது வங்கியின் இரகசியத் தகவல்களைத் திறக்கும் தலைமைக் குறியீட்டை, தாளில் அச்சிட்டு எடுத்தார்கள் என்றும், அதனால் சுமார் 1.2 கோடி அட்டைகளை மாற்ற வேண்டியிருக்கும் என்றும் 2020-இல் செய்தி வெளியானது. விலை உயர்ந்த மென்பொருள் அங்கே இல்லாமல் இல்லை.

படி 4: ஒருவர் விலகும் நாள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய குழு பொறுப்பேற்ற அன்றே கீழ்க்கண்டவற்றைச் செய்துவிட வேண்டும். விலகுபவர் முகம் சுளிக்காமல் இருக்க, எல்லாருக்கும் இதே முறைதான் என்று விதிமுறையில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

விலகுபவருக்குத் தனிக் கணக்கு இருந்தால் அதை அழிக்காமல் இடைநிறுத்துங்கள். கூகிள் அலுவலகச் சேவையில் அழித்த கணக்கை 20 நாட்களுக்குள் மட்டுமே மீட்க முடியும். அதற்குள் யாரும் எதையும் தேடாமல் போகலாம். அவருக்குச் சொந்தமான கோப்புகளின் உரிமையைப் புதியவருக்கு மாற்றிய பிறகே அடுத்ததைப் பற்றி யோசியுங்கள்.

இன்னும் பொதுக் கணக்கிலேயே இருப்பவர்கள் கடவுச்சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஜிமெயில் அமைப்புகளுக்குள் சென்று, அஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக முன்னனுப்பும் ஏற்பாடோ, அப்படி அனுப்பச் சொல்லும் வடிப்பானோ (filter) இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும். வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் பழையவருக்குச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அடுத்து, கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். அவை முன்னாள் செயலாளருடையவையாக இருந்தால், அவர் நினைத்த நேரத்தில் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. கடைசியாக, உள்நுழைந்துள்ள சாதனங்களின் பட்டியலிலிருந்து தெரியாதவற்றை வெளியேற்றுங்கள்.

வங்கியின் கையொப்ப உரிமை, வருமான வரித் துறையின் மின்கணக்கு, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை, முகநூல் பக்கம், அலமாரிச் சாவி ஆகியவற்றையும் அதே தாளில் எழுதி, ஒப்படைத்தவரும் பெற்றவரும் கையொப்பமிடட்டும்.

படி 5: கண்காணிப்பு, சட்டத்துக்கு உட்பட்டு

மாதம் ஒருமுறை யார் எந்தக் கோப்பைத் திறந்தார், பதிவிறக்கினார் என்ற செயற்பதிவைப் பாருங்கள். நள்ளிரவில் முழு உறுப்பினர் பட்டியலும் பதிவிறக்கப்பட்டிருந்தால், குற்றம் சாட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். தைப்பூசத்துக்கு முந்திய வாரத்தில் அதற்கு நியாயமான காரணம் இருக்கக்கூடும்.

ஊழியரின் மின்னஞ்சலை ஒளிந்திருந்து படிப்பது வேறு விஷயம். தகவல்தொடர்பை இடைமறிப்பதை 2002-ஆம் ஆண்டின் ரிக்கா சட்டம் கட்டுப்படுத்துவதால், அலுவலகக் கணக்குகள் கண்காணிக்கப்படும் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். முறைகேட்டை உரிய இடத்தில் வெளிப்படுத்தும் ஊழியருக்கு 2000-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பாதுகாப்பு அளிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். தகவல் பாதுகாப்பு என்ற பெயரில், கணக்கில் இடிக்கிறது என்று கேள்வி கேட்டவரின் அனுமதியைப் பறிக்கும் குழுக்கள் உண்டு. அங்கே ஆபத்து யாரிடமிருந்து வருகிறது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும்.

படி 6: தகவல் வெளியேறிவிட்டால்

சந்தேகத்துக்குரிய கணக்கை இடைநிறுத்துங்கள். கணினியைத் துடைத்துச் சுத்தப்படுத்தாதீர்கள், செயற்பதிவுகளை நகலெடுத்து வையுங்கள், நடந்ததை நாள், நேரம் குறித்து எழுதுங்கள். அனுமதியின்றித் தரவுக்குள் நுழைவது 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள இணையக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகும் என்பதால், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் வழக்குப் பதியலாம்.

போப்பியாவின் 22-ஆம் பிரிவின்படி, இயன்ற அளவு விரைவாக, அச்சட்டத்தைச் செயல்படுத்தும் தகவல் ஒழுங்காற்று அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு தகவல் அலுவலரைச் சேரும். வேறு ஏற்பாடு இல்லாவிடில் அமைப்பின் தலைவரே அந்த அலுவலராகக் கருதப்படுவார். மூடி மறைக்கலாம் என்று யோசிப்பவர்கள், அதே சட்டம் ஒரு கோடி ராண்ட் வரை அபராதத்துக்கு இடம் தருவதையும், நச்சுநிரல் தடுப்பு உள்ளிட்ட பாதுகாப்பு உரிமங்களைப் புதுப்பிக்கத் தவறிய நீதித் துறைக்கே 2023-இல் 50 இலட்சம் ராண்ட் அபராதம் விதிக்கப்பட்டதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

உறுப்பினர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் எந்த விவரம் வெளியேறியது, அதனால் என்ன நேரலாம், சங்கம் என்ன செய்திருக்கிறது, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதுங்கள். அடையாள எண் வெளியேறியிருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் கட்டணமின்றிப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளும்படி அக்கடிதத்திலேயே சொல்லுங்கள். இணையம் பழக்கமில்லாத மூத்தவர்களுக்கு அப்பதிவைச் செய்துகொடுக்க ஓர் இளைஞரைக் கோயில் அலுவலகத்தில் உட்கார வையுங்கள், அவருக்கும் தனிக் கணக்கு ஒன்று கொடுத்து.