ஸ்பிரிங் மாற்றி காரைத் தாழ்த்துகிறீர்களா?

வீட்டிலேயே லோயரிங் ஸ்பிரிங் போடுபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் புஷ் (மூட்டிலுள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிடுவார்கள். காரை இறக்கியதும் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்; சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாக மட்டும் பிடித்துவைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். படுத்துக்கொண்டு செய்யக் கஷ்டம்தான், வேறு வழியில்லை.

ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் நட்டைக் கழற்றும் முன், ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியால் ஸ்பிரிங்கை அமுக்குங்கள். இரு முனையிலும் தளர்ந்து நிற்காவிட்டால் நட்டைத் தொடவே வேண்டாம். தெறித்தால் முகம் போய்விடும். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். கடைசியாக வீல் அலைன்மென்ட்: டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும், அப்படியே ஓட்டினால் டயர் ஓரம் தேயும்.