வெனிஸில் பழைய மாளிகை ஓட்டலில் தங்குவது எப்படி?

வெனிஸ் ஊருக்குள் கார் ஓடாது. பியாத்சாலே ரோமா என்ற இடத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் படகு, இல்லாவிட்டால் நடை. இது தெரியாமல் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் பணம் கட்டியவர்கள், 25 கிலோ பெட்டியைப் பாலத்துப் படிக்கட்டுகளில் தூக்கிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்கிறார்கள். இங்கே கொடுக்கும் காசுக்குப் பலன் இரண்டு விஷயங்களில் இருக்கிறது: எந்த அறை, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம்.

படி 1: முகவரியைப் பாருங்கள்

பெயரில் 'வெனிஸ்' என்று போட்டுக்கொண்டு, கரைக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் இருக்கும் ஓட்டல்கள் நிறைய. முகவரியில் சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே இவற்றில் ஒன்று இருந்தால்தான் ஊருக்குள் என்று அர்த்தம். ஜூதெக்கா எதிரே இருக்கும் தீவு. 1958-ல் திறந்த சிப்ரியானி ஓட்டல் அங்கேதான் இருக்கிறது. ஓட்டல் படகில் சான் மார்கோவுக்கு வந்து போகலாம். வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் வட்டாரம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடுவதால், எண்ணை வைத்து இடம் தேட முடியாது. பக்கத்துப் படகு நிறுத்தத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அறையைத் தேர்ந்தெடுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். இந்த ஓட்டல்களில் பல, ஒரு காலத்தில் வணிகக் குடும்பங்களின் வீடுகள். தரைத்தளத்தில் படகிலிருந்து சரக்கு இறங்கும். அதற்கு மேலே கூரை தாழ்வான இடைத்தளம், கணக்குப்பிள்ளைகளின் இடம். அதற்கும் மேலேதான் 'பியானோ நோபிலே', குடும்பம் வாழ்ந்த தளம். உயரமான கூரை, தண்ணீர்ப் பக்கம் வரிசையாக வளைவு ஜன்னல்கள், வீட்டின் முன்னிருந்து பின்வரை நீளும் பெரிய கூடம் எல்லாம் அங்கே. உச்சியில் வேலைக்காரர்களின் அறைகள்.

இன்று இந்த எல்லாத் தளங்களுமே அறைகளாக விற்கின்றன. பேர்போன மாளிகையில் விலை குறைந்த அறை என்றால், பெரும்பாலும் அது இடைத்தளமாகவோ சரிந்த கூரைக்குக் கீழோ இருக்கும்.

'கனால் வியூ' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். சின்னக் கால்வாயும் கனால்தான். ஜன்னலைத் திறந்தால் நாலைந்து மீட்டரில் எதிர்வீட்டுச் சுவர் நிற்கும். விடியற்காலையில் குப்பைப் படகும் காய்கறிப் படகும் அந்த வழியாகத்தான் போகும். பெரிய கால்வாய் வேண்டுமென்றால் 'கிராண்ட் கனால்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தூக்கம் முக்கியம் என்றால் முற்றம் பார்த்த அறையே மேல், விலையும் குறைவு.

ஓட்டலுக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தளம், ஜன்னல் எந்தத் தண்ணீரைப் பார்க்கிறது, அந்தத் தளம்வரை லிஃப்ட் போகுமா?

அறைக்குள் போனதும் தரை லேசாக அலைபாய்வது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். சுண்ணாம்பில் பளிங்குத் துண்டுகளைப் பதித்து இழைத்த தெராத்சோ தரை அது. கட்டடம் சேற்றில் இறக்கிய மரக்கம்பங்கள் மேல் நிற்கிறது. அது அசைய அசைய, தரையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

படி 3: முன்பதிவு

இத்தாலிக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். காலை உணவு சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

படி 4: போய்ச் சேருவது

மார்கோ போலோ விமான நிலையத்தில் படகுத்துறை பத்து நிமிட நடை. அங்கிருந்து தண்ணீர் டாக்சி சுமார் அரை மணியில் ஓட்டலின் தண்ணீர் வாசலிலேயே இறக்கிவிடும். நூறு யூரோவுக்கு மேல் ஆகும்; குடும்பமாகப் போனால் தாராளமாகக் கொடுக்கலாம். விமான எண்ணை ஓட்டலுக்கு முன்பே சொல்லிவிட்டால் ஆள் வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் தாழ்ந்த பாலங்களுக்குக் கீழே டாக்சி நுழையாது; அப்போது கொஞ்சம் தள்ளித்தான் இறக்குவார்கள்.

செலவைக் குறைக்க, பஸ்ஸில் பியாத்சாலே ரோமா வந்து அங்கிருந்து வாப்பரெத்தோ என்ற பொதுப் படகில் ஏறலாம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. ஏறும் முன் இயந்திரத்தில் காட்ட மறந்தால் அபராதம். ரயிலில் வருகிறவர்கள் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாமல், கடைசி நிலையமான சாந்தா லூச்சியாவில் இறங்குங்கள்.

படி 5: செக்-இன்

எல்லாருடைய பாஸ்போர்ட்டும் வேண்டும். தங்குகிறவர்களின் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது இத்தாலியச் சட்டம். முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே சில நாள் முடங்கும்.

நகர வரி தனி. ஐந்து நட்சத்திரத்தில் சீசன் நேரத்தில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 5 யூரோ; இரண்டு பேர் மூன்று இரவு தங்கினால் 30. ஐந்து இரவுக்கு மேல் வரி கிடையாது. 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை. ஆனாலும் இணையத்தில் பதிவு செய்து விலக்குக்கான க்யூஆர் கோடைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் எடுத்துப் போங்கள். கோடையில் அந்தி சாயும் முன் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்; கால்வாயோரம் கொசு உண்டு.

படி 6: தண்ணீர் ஏறும் நாட்கள்

அக்டோபர் முதல் ஜனவரிவரை கடல் அடிக்கடி ஏறும். 2020 அக்டோபரிலிருந்து, கடல் நுழையும் வாய்களில் எழுப்பும் மோசே தடுப்புகள் ஊரைக் காக்கின்றன. ஆனால் அலை அளவுகோலில் 110 சென்டிமீட்டர் (தெருவில் நிற்கும் ஆழம் அல்ல) அளவுக்கு ஏறும் என்று கணிப்பு வந்தால்தான் அவற்றைத் தூக்குவார்கள். அதற்குக் கீழே, ஊரிலேயே தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் கணுக்கால் நனையலாம். முந்தின இரவே வரவேற்பில் கணிப்பைக் கேளுங்கள். ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

படி 7: கிளம்பும்போது

டாக்சியை முந்தின நாள் மாலையே சொல்லிவிடுங்கள். பில்லில் மினிபார் கணக்கைச் சரிபாருங்கள். கார்டு இயந்திரம் 'ரூபாயா, யூரோவா?' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை இயந்திரக்காரர் தம் வசதிக்கு வைத்துக்கொள்வார், பில் ஏறிவிடும்.