கூட்டாளிகள் சண்டையில் ஆயுதத்தை நிறுத்தலாமா: சொற்போருக்குத் தயாராவது எப்படி

சுங்கை சிப்புட்டில் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைச் சொற்போருக்குத் தயார்படுத்துகிறேன். தன் கூட்டாளிகளான இரண்டு நாடுகள் மோதிக்கொண்டால், ஆயுதம் கொடுக்கும் நாடு அதைக் கொடுக்காமல் நிறுத்தலாமா என்ற தலைப்பைக் கொடுத்தால் முதலில் வரும் பதில், "ரெண்டு பேருக்கும் நிறுத்திட்டா நடுநிலைதானே சார்?" எதிரணி இதைச் சொன்னதும் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேறு கடை இருக்கிறது என்று கேளுங்கள். 1965 இந்தியா-பாகிஸ்தான் போரில் அமெரிக்கா இருவருக்குமே ஆயுதத்தை நிறுத்தியது. பாகிஸ்தானின் பேட்டன் டாங்கியும் சேபர் விமானமும் அமெரிக்கச் சரக்கு, உதிரிப்பாகத்துக்கும் அங்கேதான் கையேந்த வேண்டும். இந்தியாவோ பல நாடுகளிடம் வாங்கிக்கொண்டிருந்தது. அடி விழுந்தது ஒப்பந்தக் கூட்டாளியான பாகிஸ்தானுக்கு, அது சீனா பக்கம் இன்னும் சாய்ந்தது. நம் ஊர்க் கதையாகவே சொல்லலாம்: செம்பனை நிலத்து எல்லைக்காக அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொள்கிறார்கள், மாமா தன் புல்வெட்டும் மெஷினை இருவருக்கும் தரமாட்டேன் என்கிறார். அண்ணன் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக ஒன்று நிற்கிறது. தம்பி நிலத்தில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, மாமா வீட்டுப் பக்கமே அவன் போவதில்லை.

அடுத்து, நிறுத்துகிறவருக்கு அந்த நாட்டிடம் என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். இங்கே துருக்கியைத்தான் எடுக்க வேண்டும், நேரம் போனாலும் பரவாயில்லை. 1974 ஜூலையில் அது, கிரேக்கர்களும் துருக்கியர்களும் வாழும் சைப்ரஸ் தீவில் படை இறக்கியது. கிரீஸ், துருக்கி இரண்டுமே அமெரிக்கா இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பினர்கள். அதிபர் ஃபோர்டு வேண்டாம் என்றும் அமெரிக்க நாடாளுமன்றம் கேட்கவில்லை, 1975 பிப்ரவரியில் துருக்கிக்கு ஆயுதத் தடை வந்தது. ஜூலையில் துருக்கி தன் மண்ணில் இருந்த அமெரிக்கத் தளங்களின் வேலையை நிறுத்தியது, அதே ஆண்டு அசெல்சான் என்ற சொந்த ராணுவ மின்னணு நிறுவனத்தையும் தொடங்கியது. 1978இல் தடை நீங்கியது. சைப்ரஸில் துருக்கிப் படை இன்றும் இருக்கிறது! கிரீஸாவது குளிர்ந்ததா என்றால் அதுவும் இல்லை, நேட்டோவின் ராணுவ அமைப்பிலிருந்து 1974 ஆகஸ்டிலேயே வெளியேறி 1980இல்தான் திரும்பியது.

சரி, நிறுத்தத்தான் வேண்டும் என்ற அணியில் சீட்டு விழுந்தால்? தற்காப்புக்கென்று கொடுத்த ஆயுதம் அடுத்தவன் மண்ணில் இறங்கியபின் கொடுப்பவனும் பங்காளிதான் என்று பேசுங்கள், இது உண்மையிலேயே வலுவான வாதம். ஆனால் ஊரறிய அறிவித்தால் ஆயுதம் வாங்கும் நாட்டின் அரசு தன் மக்கள் முன்னால் இறங்கி வர முடியாது. ஆயுதக் கப்பலைச் சத்தமில்லாமல் தாமதப்படுத்தினால் பேச இடமிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்புரையில் ஒரே கேள்வி போதும்: எது நடந்தால் மறுபடி கொடுப்பீர்கள்? போன வாரம் இதைக் கேட்டதும் எதிரணிப் பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான்.