லண்டன் வீட்டுக் கூரையில் சோலார்: சான்றிதழ் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்

இந்த மேகமூட்டத்தில் சோலார் எதற்கு என்று இங்கே புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டவன்தான். தகட்டுக்கு நேர்வெயில்தான் வேண்டும் என்பதில்லை, மேகத்தில் சிதறி வரும் வெளிச்சத்திலும் மின்சாரம் குறைவாகவேனும் வரும். சென்னையில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 யூனிட் தருமென்றால், தென் இங்கிலாந்தில் தெற்கு நோக்கிய கூரையில் 900 முதல் 1,000 யூனிட் வரை எதிர்பார்க்கலாம்.

ஆனால் அந்த எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் நண்பகலிலேயே அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும், பகலும் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தூறல் விழுந்த ஒரு டிசம்பர் மதியம் பரணில் ஏறிப் பார்த்தபோது, என் 4 கிலோவாட் தகடுகளுக்கு, தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரை காட்டியது 180 வாட். ஊரிலிருந்து சுமந்து வந்த கிரைண்டரை ஓட்டலாம், வேறொன்றும் முடியாது. அதே தகடுகள் ஜூன் மதியத்தில் மூன்று கிலோவாட்டைத் தாண்டும், அப்போது எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடக்கும். ஆகவே கோடையில் மிஞ்சுவதை விற்றால்தான் இங்கே போட்ட முதல் திரும்பும். ஊரில் நாம் வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து நெட் மீட்டர் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதுபோல் இங்கே கழிப்பதில்லை. வாங்குவதற்கு ஒரு விலை, விற்பதற்கு அதைவிடப் பெரும்பாலும் குறைந்த இன்னொரு விலை.

நான் ஏமாந்தது இந்த விற்பனையில்தான். மிஞ்சும் மின்சாரத்தை மின் நிறுவனம் விலை கொடுத்து வாங்குவதற்கென 2020 ஜனவரியில் தொடங்கிய ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டி திட்டத்தில் சேர, எம்.சி.எஸ். (சோலார் போன்றவற்றைப் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் தர அமைப்பு) அல்லது அதற்கு ஈடான சான்றிதழ் வேண்டும். ஒரு திருமண வரவேற்பில் அறிமுகமான நம் ஊர்க்காரர் ஒருவர், மற்றவர்களைவிட 900 பவுண்டு குறைவாகச் செய்து தருவதாகச் சொன்னார். வேலையில் குறை சொல்ல மாட்டேன், ஓர் ஓடுகூட உடையவில்லை. சான்றிதழைக் கேட்டபோதெல்லாம் "பேப்பர் வந்துடும் அண்ணே" என்றார்; ஊரில் வயரிங் மிஸ்திரியிடம் காகிதம் கேட்டுப் பழகாத நானும் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மின் நிறுவனத்தின் விண்ணப்பம் சான்றிதழ் எண்ணைக் கேட்டபோதுதான், அவர் எம்.சி.எஸ். பதிவே இல்லாதவர் என்று தெரிந்தது. பதிவு பெற்ற மூன்று நிறுவனங்களை அழைத்தேன்; அடுத்தவர் செய்த வேலைக்குக் கையெழுத்திட முடியாது என்று மூன்றும் மறுத்துவிட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 யூனிட் காசில்லாமல் வெளியே போகிறது. யூனிட்டுக்கு 15 பென்ஸ் என்று வைத்தால் 270 பவுண்டு. மிச்சம் பிடித்த 900 பவுண்டு நான்கு கோடைகூடத் தாங்காது.

மற்றவை எளியவை. பெரும்பாலான தனி வீடுகளுக்கு உள்ளாட்சியின் கட்டுமான அனுமதி (planning permission) தேவையில்லை, ஆனால் அடுக்குமாடியிலும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களிலும் விசாரித்துவிட்டே தொடங்குங்கள். இன்வெர்ட்டர் 3.68 கிலோவாட்டுக்குள் இருந்தால், பொருத்திய 28 நாளுக்குள் வட்டார மின்வலைப் பராமரிப்பு நிறுவனத்துக்கு நிறுவுபவர் தெரிவித்தால் போதும். அதற்கு மேலென்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுச் சோலாருக்கு 2027 மார்ச் 31 வரை மதிப்புக் கூட்டு வரி (VAT) இல்லை, யாராவது 20 சதவீதம் சேர்த்துக் கேட்டால் காரணம் கேளுங்கள். இன்வெர்ட்டர் என்றதும் கரண்ட் போனால் ஃபேன் ஓடும் என்ற நம் ஊர் நினைப்பும் வேண்டாம். மின்வலை நின்றால், தனி ஏற்பாடு இல்லாத வரையில் பாதுகாப்புக்காக இதுவும் நின்றுவிடும்.

முன்பணம் கொடுக்குமுன் நிறுவுபவரின் பெயரை எம்.சி.எஸ். இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். கடைசித் தவணையைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஊர்க்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நான் இப்போது சனிக்கிழமை நண்பகலுக்கென்று துணி துவைப்பதையும் மாவரைப்பதையும் சேர்த்து வைக்கிறேன், அந்த ஒரு பகலாவது என் மின்சாரம் என் வீட்டிலேயே செலவாகட்டும் என்று.