தாங்குசுவர் முன்னோக்கி நழுவாமல் இருக்கச் செய்ய வேண்டியவை

தாங்குசுவரைப் பின்னாலிருக்கும் மண் தள்ளுகிறது. சுவரின் எடையால் அடித்தளத்துக்கும் நிலத்துக்கும் இடையில் உண்டாகும் உராய்வே அதை முதன்மையாகத் தடுக்கிறது. பொதுவாகத் தடுக்கும் விசை, தள்ளும் விசையைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்.

அடித்தளத்தின் அடிமட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரமுள்ள ஒரு கான்கிரீட் சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னால் கன மீட்டருக்கு 1.8 டன் எடையும் 30 பாகை உராய்வுக் கோணமும் (மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் நிற்கும் திறனைக் காட்டும் அளவு) கொண்ட மணல் நிரப்பப்பட்டிருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 4.8 டன் தள்ளுவிசை வரும். சுவரும் குதிகால் பகுதியின் (அடித்தளத்தில் சுவருக்குப் பின்னால் மண்ணுக்கு அடியில் நீளும் பகுதி) மேலுள்ள மண்ணும் சேர்ந்து 12 டன், உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்ற அளவு) 0.5 என்றால், தடுப்பது 6 டன்தான். விகிதம் 1.25, இது போதாது.

இந்த நிலையில் பலரும் உடனே அடியில் ஷியர் கீ (அடித்தளத்திலிருந்து கீழே மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் முனைப்பு) போட நினைப்பார்கள். அதற்கு முன் நீரைக் கவனிப்பதே முறை. மேற்சொன்ன சுவரின் பின்னால் மேல்வரை நீர் தேங்கினால், நீர் மட்டுமே 8 டன் தள்ளும். மண்ணின் தள்ளுவிசையும் அதனோடு சேரும். போதாததற்கு, அடித்தளத்தின் கீழ் நுழையும் நீர் சுவரை மேல்நோக்கித் தூக்கி உராய்வையும் குறைக்கும். ஆகவே சுவரை ஒட்டிச் சரளைக்கல் நிரப்பி, அதற்கும் மண்ணுக்கும் இடையில் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய்களை ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வெளிப்புறம் சரிவாகப் பதிக்க வேண்டும். வடிதுணி இல்லாத குழாய்கள் நாளடைவில் மண் அடைத்துப் பெயரளவுக்கே நிற்கும்.

அடுத்து, குதிகாலை நீட்டலாம். 35 சென்டிமீட்டர் நீட்டினால் அதன் மேல் அமரும் மண்ணும் கான்கிரீட்டும் சுமார் 2.6 டன் கூட்டும், விகிதம் 1.5-ஐத் தாண்டிவிடும். இடமிருந்தால் இதுவே எளிய வழி என்பது என் கருத்து.

பின்புறம் இடமில்லாதபோது ஷியர் கீ உதவும். அதற்கான பள்ளத்தைத் தேவையான அளவுக்கே வெட்டி, கலையாத மண்ணை ஒட்டியே கான்கிரீட் ஊற்ற வேண்டும். அகலமாக வெட்டிப் பிறகு மண் போட்டு மூடினால் பலன் பெரிதும் போய்விடும். சுவர் சற்றே நகர்ந்த பிறகுதான் முன்புற மண்ணின் எதிர்ப்பு முழுமையாகக் கிடைக்கும் என்பதால், கணக்கில் அதன் பாதியை மட்டும் எடுப்பது நல்லது. பின்னாளில் யாராவது கால்வாய் தோண்டக்கூடிய மேல்மண்ணையும் சேர்க்கக் கூடாது.

அடித்தளத்தின் கீழே பாலித்தீன் தாள் விரிப்பதைத் தவிர்க்க வேண்டும். அது உராய்வைக் குறைக்கும். அடியில் மென்களிமண் இருந்தால், அதை அகற்றி இறுக்கிய சரளை நிரப்புவது நலம். ஏற்கெனவே கட்டி முடித்த சுவராக இருந்தால், பின்புற நீரை வடித்து, மேலே குவிந்துள்ள மண்ணைக் குறைத்து, முன்புறம் மண்மேடு அணைத்துவிட்டு, அதுவும் போதாதபோது மட்டும் சுவரைப் பின்புற மண்ணோடு பிணைக்கும் நங்கூரக் கம்பிகளுக்குப் பொறியாளரை நாடலாம்.