விடுதியின் கதையை எழுதப் போகிறீர்களா?

மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலை விடுதியில் ஆறு வருடம் இருந்தவன் நான். அதன் வரலாற்றை எழுத முதலில் ஆண்டைச் சரிபாருங்கள். உதாரணமாக, புளியந்தீவு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கியது. கல்லடி உப்போடைச் சிவானந்தா வித்தியாலயம் 1929இல் சுவாமி விபுலானந்தர் தொடங்கியது.

பிறகு பழைய இடாப்பை, அதாவது பிள்ளைகளின் பெயர்ப் பதிவேட்டை, கேட்டு வாங்குங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து எத்தனை பிள்ளைகள் தோணியேறி வந்தார்கள் என்று ஊர் ஊராக விசாரியுங்கள்.

அப்புறம் குசினிக்குப் போங்கள். முதல் இரவில் யார் அழுதது, யார் இன்னொரு அகப்பை சொதி கேட்டது, எல்லாம் சமைத்தவருக்குத்தான் தெரியும். பழைய மாணவரிடம் “விடுதி எப்படி?” என்றால் “நல்லம்” என்பார். “வாவியில் பாடும் மீன் கேட்க நிலவில் யாரோடு போனீங்க?” என்று கேளுங்கள். என்னிடம் கேட்டால் விடியும்வரை சொல்வேன்.